டிஸ்க்கில் மலையாள எழுத்து: மெனு வந்தால் டிவிடியா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்: "எந்தப் பழைய டிஸ்க் ஆனாலும் சப்டைட்டிலைச் சுவடே தெரியாமல் எடுத்துவிடலாம், ஐந்து நிமிட வேலை" என்று நேற்று இங்கே ஒருவர் அளந்திருந்தார். பாலக்காட்டில் வாங்கிய பழைய தமிழ்ப் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கீழே முழுக்க மலையாள எழுத்து. ரிமோட்டை அழுத்தி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். ஐந்து நிமிடக்காரர் வந்து எடுத்துக் காட்டட்டும்.

வாளையாற்றான்: அது நான்தான். டிஸ்க்கைப் போட்டதும் மெனு வருகிறதா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்: வருகிறது.

வாளையாற்றான்: அப்படியானால் டிவிடி. அதில் சப்டைட்டில் படத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும். 32 வரை வைக்கலாம். கணினியில் எம்கேவி என்ற வகை வீடியோ கோப்பாக மாற்றும்போது சப்டைட்டிலுக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். தரம் துளியும் குறையாது.

பொள்ளாச்சி சிடிக்கடை: மெனு வந்தால் டிவிடி என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்? விசிடி 2.0இலும் மெனு உண்டு. விசிடியில், அதாவது டிவிடிக்கு முந்தைய வீடியோ சிடியில், எழுத்து படத்தோடு படமாகப் பதிந்திருக்கும். பச்சை குத்தியதை ரப்பரால் அழிக்கப் பார்க்கிறீர்கள்.

வாளையாற்றான்: மெனு வந்தால் டிவிடிதான். கடை வைத்திருந்தவருக்கு விற்கத்தான் தெரியும்.

பொள்ளாச்சி சிடிக்கடை: விசிடி 2.0இலும் மெனு உண்டு. வாடகைக்கு எடுத்த சிடியைக் கீறலோடு திருப்பிக் கொடுத்துவிட்டு, "வாங்கும்போதே அப்படித்தான்" என்று சாதித்ததும் ஒரு வாளையாற்று ஆள்தான். நான் மறக்கவில்லை.

வேலந்தாவளம் அக்கா: டிஸ்க்கைக் கணினியில் போட்டுப் பாருங்கள் தம்பி. எம்பெக்ஏவி என்ற கோப்புறை இருந்தால் விசிடி, வீடியோ_டிஎஸ் இருந்தால் டிவிடி. இதற்கா இத்தனை சண்டை?

வாளையாற்றான்: கோப்புறை எதற்கு அக்கா? மெனுதான் வருகிறதே!

பொள்ளாச்சி சிடிக்கடை: விசிடி என்றால் மொத்தப் படமே 352-க்கு 288 புள்ளிதான். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் டிலோகோ என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. சுற்றியுள்ள நிறத்தை இழுத்து எழுத்தின் மேல் பூசும். முகத்தை நெருக்கத்தில் காட்டும்போது மோவாய் இருக்க வேண்டிய இடத்தில் தோல் நிறத்தில் ஒரு கலங்கல் நெளியும். வசனம் இல்லாத நேரத்திலும் அது போகாது. எழுத்து கறுப்புப் பட்டையில் விழுந்திருந்தால் மட்டும் வெட்டித் தப்பிக்கலாம். சரி, படம் எத்தனை டிஸ்க்? விசிடி ஒன்றில் சுமார் 74 நிமிடம்தான் அடங்கும். இதைக் கேட்க வாளையாற்றாருக்குத் தோன்றவில்லை. அது போகட்டும், கேரளத்துச் சித்தூர் தாலுகாவில் இருந்துகொண்டு மலையாள எழுத்தைக் கண்டு என்ன அலர்ஜி?

கொழிஞ்சாம்பாறைக்காரன்: படிக்கத் தெரியும் ஐயா, பள்ளியில் படித்ததே அதில்தான். தமிழ்ப் படத்தில் அது எனக்கு எதற்கு? தமிழ்நாட்டுக்காரர்கள் நீங்கள் முதலில் எங்கள் பக்கத்துக்கு ஆழியாற்றுத் தண்ணீரை ஒழுங்காக விடுங்கள், பிறகு பாடம் நடத்தலாம்.

பொள்ளாச்சி சிடிக்கடை: அணையின் சாவி என் கல்லாப்பெட்டியிலா இருக்கிறது? ஒப்பந்தத்தில் உள்ளதைத் தருகிறார்கள். விசிடி 2.0இலும் மெனு உண்டு.

வேலந்தாவளம் அக்கா: தம்பி, கோப்புறை?

கொழிஞ்சாம்பாறைக்காரன்: என் மடிக்கணினியில் டிஸ்க் போடும் இடமே இல்லை அக்கா.

வாளையாற்றான்: அவர் டிஸ்க்கை எனக்கு அனுப்பட்டும், ஐந்து நிமிடம் போதும். டிவிடிதான்.

பொள்ளாச்சி சிடிக்கடை: கீறல் விழாமல் திரும்பி வருமா என்று முதலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.