குறுக்கீடா, இரைச்சலா? ஒரு கலைச்சொல் விவாதம்

குன்னூரிலிருந்து:

வணக்கம் ஐயா. கைப்பேசி வலையமைப்பின் 'இன்டர்ஃபியரன்ஸ் எஸ்டிமேஷன்' என்பதற்கு 'இரைச்சல் கணிப்பு' என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு சொல்லும் மாற வேண்டும் என்பது என் கருத்து.

இரைச்சல் வெப்பத்தால் வருவது. ஒரு ஹெர்ட்சுக்கு −174 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல் அளவு). 4ஜி-யான எல்டிஇ-யின் 15 கிலோஹெர்ட்ஸ் துணை ஊர்தி அலைக்கு (அலைவரிசையைப் பிரித்த சிறு கூறு) −132. கைப்பேசியின் சொந்த இரைச்சலாக 7 டெசிபெல் சேர்த்தால் −125. ஊட்டியிலும் மேட்டுப்பாளையத்திலும் இந்த எண் ஏறக்குறைய ஒன்றே.

குறுக்கீடு, அதாவது நமக்கு வேண்டிய குறிகையோடு அதே அலைவரிசையில் வந்து மோதும் வேறு குறிகை, அப்படியல்ல. குன்னூரில் சமவெளி தெரியும் சரிவில் நின்றால் கீழே உள்ள டவர்களுக்கும் நமக்கும் நடுவே மறைப்பே கிடையாது. 20 கி.மீ. தொலைவில், 900 மெகாஹெர்ட்சில், தடையற்ற வெளியின் இழப்பு 117.5 டெசிபெல். ஆன்டெனா ஊரை நோக்கிக் குனிந்திருப்பதால் மேல்நோக்கி 15 டெசிபெல் குறைகிறது என்று கொள்வோம். துணை ஊர்தி அலைக்கு 32 டிபிஎம் வீசும் டவர், இங்கே −100.5 ஆக வந்து சேரும். இரைச்சலைவிட 24 டெசிபெல்லுக்கு மேல்! மேட்டுக்குப் பின்னால் இருக்கும் நம் டவர் −98 தந்தால் மிஞ்சுவது 2.5 டெசிபெல்தான். சிக்னல் கோடுகள் தெரியும், டேட்டா நகராது.

இரைச்சலை வெல்ல டவரின் திறனைக் கூட்டலாம். குறுக்கீட்டுக்கு எல்லா டவரும் அதையே செய்தால் நிலைமை அப்படியே இருக்கும். மருந்து வேறாக இருக்கும்போது பெயரும் வேறாக இருக்கட்டும்.

கொடைக்கானலிலிருந்து:

ஏற்கிறேன். பிளஸ் டூ இயற்பியலில் ஒளிக்குக் 'குறுக்கீட்டு விளைவு' ஏற்கெனவே இருப்பதால் 'அயலலை' என்று ஆக்கிப் பார்த்தேன். அழகான சொல், ஆனால் பொருந்தவில்லை. துருப்பிடித்த போல்ட்டில் நம் டவரின் இரு அலைவரிசைகளே கலந்து மூன்றாவது ஒன்று பிறந்து, வாங்கும் அலைவரிசையில் விழுவதுண்டு. மலை ஈரத்தில் துருவுக்குக் கேட்கவா வேண்டும்! அது அயலிலிருந்து வருவதல்ல. ஆகவே பொதுச்சொல் 'குறுக்கீடு'; பக்கத்து டவரின் பங்குக்கு மட்டும் 'அயலலை'.

'கணிப்பு' வானிலைக்குச் சரி, அது வரப்போவதைச் சொல்வது. இங்கே அளப்பது இப்போது இருப்பதை. பொதுப்பணித்துறை எஸ்டிமேட்டை 'மதிப்பீடு' என்கிறோமே, அதுவே போதும்: குறுக்கீட்டு மதிப்பீடு.

அளக்கும் முறைக்கும் சொல் வேண்டும். டவர் அனுப்பும், முன்பே தெரிந்த வழிகாட்டிக் குறிகையை (பைலட்) கைப்பேசி கழித்துவிடும். மிச்சத்தின் வர்க்கச் சராசரியே குறுக்கீடும் இரைச்சலும் சேர்ந்த அளவு. இதை 'மிச்ச முறை' எனலாம் ('எச்சம்' என்றால் இலக்கணம் குறுக்கே வரும்). இதில் ஒரு பிசகு உண்டு. இரண்டு ஆன்டெனா உள்ள செல்களின் (டவர் சேவை தரும் பகுதிகள்) அடையாள எண்களை 3-ஆல் வகுத்த மீதி ஒன்றாக இருந்தால், வழிகாட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று விழும். நள்ளிரவில் பக்கத்து செல்லில் யாருமே பேசாவிட்டாலும் அதன் வழிகாட்டி ஓயாது. மதிப்பீடு ஏறியே நிற்கும். எல்டிஇ தரநிலையின் 11-ஆம் வெளியீடு குறுக்கீட்டை அளப்பதற்கென்றே நம் டவர் வாய்மூடும் கட்டங்களை (நேரமும் அலைவரிசையும் சேர்ந்த சிறு துண்டுகள்) ஒதுக்கியது. 'மௌனக்கட்டம்' சரியா?

குன்னூரிலிருந்து:

பாதி சரி, ஐயா. டவர் மௌனமாக இருக்கும் எல்லாக் கட்டங்களிலும் கைப்பேசி அளப்பதில்லை. சில, பக்கத்து செல்லின் குறிகைக்கு வழிவிடுவதற்காக மட்டுமே. அளப்பதற்கென்று குறித்ததைச் 'செவிக்கட்டம்' என்போம். அங்கே செவிக்கட்டம் எல்லாமே மௌனக்கட்டம்தான், மௌனக்கட்டம் எல்லாமே செவிக்கட்டம் அல்ல. 'வெற்றுக்கட்டம்' மட்டும் வேண்டாம். அயலலை நிறைந்திருப்பதால்தானே அங்கே காதை வைக்கிறோம். அந்த நேரத்தில் பக்கத்து டவரும் அதே கட்டத்தில் வாய்மூடினால் அளவு பொய்யாகக் குறைந்துவிடும் என்பதையும் விளக்கக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.