இன்ஜினில் டிசைன் மாற்றிய பாகத்தை எவ்வளவு நாள் ஓட்டிப் பார்த்தால் போதும்?

ஓசூர் ஷிஃப்ட்:
2018 மார்ச் 12-ஆம் தேதி விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏ 11 ஏர்பஸ் ஏ320நியோ விமானங்களைத் தரையிறக்கி நிறுத்தியது நினைவிருக்கிறதா? இண்டிகோ 8, கோஏர் 3. பிராட் அண்ட் விட்னி இன்ஜினில், காற்றை அழுத்தும் கம்ப்ரஸரின் பின்பக்கத்து நைஃப் எட்ஜ் சீல்தான் (காற்று கசியாமல் தடுக்கும் கத்திமுனை விளிம்பு) வில்லன். இன்னும் கொஞ்சம் உழைக்கட்டும் என்று 2017-இல் மாற்றிய பாகம் அது. சில மாதங்களிலேயே பறக்கும்போது இன்ஜின் நின்றது. மாற்றிய பாகமும் புதுப் பாகம்தான். 1000 சைக்கிள் (ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு சைக்கிள்) ஓட்டாமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்பது என் கட்சி.

காற்றாடி:
ஆயிரம் எங்கிருந்து வந்தது அண்ணே? நாளுக்கு ஆறு முறை ஏறி இறங்கும் விமானத்துக்கு அது ஐந்தரை மாதம். தேய்கிற பழைய சீலை அதுவரை மாட்டியே பறக்கலாமா? அப்புறம், 2023-இல் இதே இன்ஜினில் டர்பைன் டிஸ்க் விவகாரம் வெடித்ததே. டிஸ்க் செய்யும் உலோகப் பொடியில் மாசு கலந்திருந்தது. இன்ஜின் சான்றிதழ் வாங்கியது 2014 டிசம்பரில். சந்தேகத்துக்குரிய பாகங்கள் 2015 கடைசியிலிருந்து 2021 வரை செய்தவை. முதலில் பத்தாயிரம் சைக்கிள் ஓட்டியிருந்தாலும் அது கண்ணில் பட்டிருக்காது.

ஓசூர் ஷிஃப்ட்:
அது பொடி செய்தவன் தப்பு, தம்பி. நான் பேசுவது டிசைன் மாற்றத்தை. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டாதே.

கணக்குப்பிள்ளை:
இடையில் ஒரு வார்த்தை. புது இன்ஜினுக்குச் சான்றிதழ் தர 150 மணி நேர எண்டூரன்ஸ் டெஸ்ட் (தாங்குமா என்று பார்க்கும் சோதனை) விதியிலேயே இருக்கிறது. 150 மணி என்பது சின்ன எண்தான், ஆனால் அதில் கணிசமான நேரம் உச்ச விசையில், சிவப்புக் கோட்டை (வெப்பமும் வேகமும் தாண்டக் கூடாத எல்லை) ஒட்டி ஓடும். ஓடுவதைச் சோதிக்கிறோம், சரி. நின்று ஆறுவதை?

2016-இல் இந்த இன்ஜின் சேவைக்கு வந்தபோது முதல் தலைவலியே அதுதான். அணைத்தபின் மேல்பக்கம் சூடாகவே இருக்கும், கீழ்ப்பக்கம் முந்தி ஆறும், ரோட்டர் (உள்ளே சுழலும் தண்டு) லேசாக வளையும். நேராகும்வரை சில நிமிடம் வெறுமனே சுற்றவிட்ட பிறகுதான் ஸ்டார்ட். முதல் விமானத்தை வாங்க வேண்டிய கத்தார் ஏர்வேஸ் மறுத்துவிட்டது, லுஃப்தான்ஸா வாங்கிக்கொண்டது.

ஓசூர் ஷிஃப்ட்:
இதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வருகிறது. நான் வேலை பார்த்த இரண்டு சக்கர வண்டி கம்பெனியில் ஒரு ஆயில் சீலை 300 மணி நேரம் டெஸ்ட் பெட்டில் (இன்ஜினைப் பூட்டி ஓட்டிப் பார்க்கும் மேடை) ஓட்டினோம். மூன்று ஷிஃப்டும் நிற்காமல். ஒரு சொட்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போய் இரவெல்லாம் நின்றது. திங்கள் காலை ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் கூட்டுக்குக் கீழே எண்ணெய் வட்டமாகத் தேங்கி நிற்கிறது. ரப்பர் ஆறியபோது சுருங்கியிருக்கிறது. கரண்ட் போகாமல் இருந்திருந்தால் பாஸ் போட்டிருப்போம்.

காற்றாடி:
பாருங்கள், உங்கள் கதையே உங்களுக்கு எதிர்சாட்சி. 300 மணி பிடிக்காததை ஒரு இரவு பிடித்தது.

ஓசூர் ஷிஃப்ட்:
சரி, ஆயிரத்தை வாபஸ் வாங்குகிறேன். 500 போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரம் ஆறவிட்டுத்தான் அடுத்த ஸ்டார்ட்.

காற்றாடி:
அப்படியென்றால் ஓடும் நேரத்தையும் சேர்த்தால் நாளைக்கு ஐந்துதான் முடியும். நூறு நாள்! எந்த ஏர்லைன் காத்திருக்கும்?

ஓசூர் ஷிஃப்ட்:
இரண்டு டெஸ்ட் பெட்டில் ஓட்டு. ஐம்பது நாள்.