மருந்து ஆய்வுக்கு ஒப்புதல் வாங்கும்போது நீங்கள் கண்டது என்ன?

நொய்யல்கரை:
கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். புதிய மருந்து, மருந்தில்லாத மாத்திரையோடு ஒப்பீடு, வழக்கமான ஏற்பாடுதான். ஒடிசாவிலிருந்து நூற்பாலை வேலைக்கு வந்த பையன். ஒடியாப் படிவம் தயாராக இருந்தது, அவனுக்கு எழுத்துத் தெரியாது. மில் மேஸ்திரிதான் மொழிபெயர்த்தார். பக்கவிளைவுகள், எந்த மாத்திரை கிடைக்கும் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றெல்லாம் மருத்துவர் நிதானமாக விளக்கினார். மேஸ்திரி எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார் மருத்துவர். பையன் அவரைப் பார்க்கவே இல்லை. மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தான், பிறகு கட்டைவிரலை நீட்டினான். சாட்சிக் கையெழுத்தும் மேஸ்திரியுடையதே! ஒப்புதல் வாங்குவதைப் பதிவு செய்யும் கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தேன்மொழி:
என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் மருந்து ஆய்வு. தினமும் செய்தித்தாளை வரி விடாமல் படிப்பவர் அவர். அழுக்கு வேட்டியைப் பார்த்ததும் மை அட்டையை நீட்டினார்கள். அப்பா பேனா கேட்டு வாங்கிக்கொண்டு, படிவம் முழுவதையும் அங்கேயே உட்கார்ந்து படித்தார். "பெரியவரே, எல்லாரும் போட்டுவிட்டார்கள்" என்று அவசரப்படுத்தினார்கள். படித்து முடித்துவிட்டு, "இந்த மருந்து எனக்குப் பலன் தந்தால், ஆய்வு முடிந்த பிறகும் கொடுப்பீர்களா?" என்றார். அந்த அறையில் இருந்த யாருக்கும் பதில் தெரியவில்லை.

சாம்பல்குருவி:
நொய்யல்கரை, கேமராவைக் குறை சொல்லாதீர்கள். 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்கு, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை ஆய்வுக்காகப் போட்டபோது, பல படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டார்கள். 2010 ஏப்ரலில்தான் ஆய்வு நிறுத்தப்பட்டது. அன்று பதிவு இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? மருந்து ஆய்வுகள் குறித்த உச்ச நீதிமன்ற வழக்கைத் தொடர்ந்து 2013-இல் ஒலி-ஒளிப் பதிவு வந்தது. 2015-இல் அதையும் தளர்த்தி, இதுவரை மருந்தாக ஒப்புதல் பெறாத புதிய மூலக்கூறுகளின் ஆய்வுகளில் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். எனக்கு அதில்தான் கோபம்.
மற்றவர்களுக்கு: கையெழுத்திட்ட படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. வீட்டுக்குக் கொண்டுபோய், படித்த யாரிடமாவது காட்டுங்கள். ஆய்வைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். 2009 ஜூன் முதல் மருந்து ஆய்வுகளை அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆய்வினால் உடலுக்குக் கேடு வந்தால் சிகிச்சை இலவசம் என்று 2019 விதிகள் சொல்கின்றன. பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சையை யாரும் மறுக்க முடியாது.

தேன்மொழி:
அப்பா நகல் கேட்டார். "அடுத்த முறை தருகிறோம்" என்றார்கள்.

நொய்யல்கரை:
சாம்பல்குருவி, நான் கேமராவைக் குறை சொல்லவில்லை. எழுத்துத் தெரியாதவருக்குச் சார்பற்ற சாட்சி வேண்டும் என்பது விதி. வேலை கொடுப்பவரின் ஆள் எப்படிச் சார்பற்றவர் ஆவார்? பதிவைப் பார்த்தவர்கள் படிவத்தின் மொழியையும் கைரேகையையும் சரிபார்த்தார்கள். மேஸ்திரி என்ன சொன்னார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒடியா தெரிந்த செவிலியர் ஒருவர் எங்கள் மருத்துவமனையிலேயே இருந்தார், அன்று அவருக்கு விடுப்பு. ஒரு நாள் தள்ளிவைக்கச் சொன்னேன். அந்த வாரத்துக்குள் ஆள்சேர்ப்பு முடிய வேண்டும் என்றார்கள்.