பிஎஸ்ஏ 3.6, ரிப்போர்ட்டில் நார்மல்; பிறகு ஏன் எம்ஆர்ஐ?

மூத்தமகன்:
அப்பாவுக்கு வயது 68. புராஸ்டேட் வீக்கத்துக்காக ஒன்றரை ஆண்டாக மாத்திரை சாப்பிடுகிறார். அதற்கு முன் பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் ரத்த அளவு; புற்றுநோய் இருந்தாலும் கூடும்) 4.8 இருந்தது. இப்போது எடுத்ததில் 3.6. பக்கத்தில் '0 - 4' என்று அச்சிட்டிருந்ததால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் யூராலஜி மருத்துவர் பார்த்தவுடன் எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்துவிட்டார். எண் குறைந்திருக்கும்போது ஸ்கேன் எதற்கு? அப்பா வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார்.

ஆய்வகப் பணியாளர்:
என்ன மாத்திரை? அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்து எழுதுங்கள்.

மூத்தமகன்:
டாம்சுலோசின் 0.4, டூட்டாஸ்டரைடு 0.5 மில்லிகிராம், இரண்டும் சேர்ந்தது.

ஆய்வகப் பணியாளர்:
விஷயம் அங்கேதான் இருக்கிறது. டாம்சுலோசினால் பிஎஸ்ஏ மாறாது. டூட்டாஸ்டரைடு சுரப்பியையே சுருக்குவதால், ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாகிவிடும். அப்பாவின் 4.8 இந்நேரம் 2.4 பக்கம் வந்திருக்க வேண்டும், 3.6-இல் நிற்கிறது. இரண்டால் பெருக்கினால் 7.2. உங்கள் மருத்துவர் படித்தது அந்த எண்ணைத்தான். மாத்திரை சாப்பிடுவது ஆய்வகத்துக்குத் தெரியாது. இயந்திரம் எல்லோருக்கும் அதே '0 - 4'ஐத்தான் அச்சிடும். ரத்தம் கொடுக்கும்போதே மாத்திரைப் பெயரைச் சொல்லுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் மன்றாடுகிறேன்.

இதனால் புற்றுநோய் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வீக்கம், சிறுநீர்த் தொற்று, அண்மையில் போட்ட சிறுநீர்க் குழாய், முந்தைய இரண்டு நாளுக்குள் விந்து வெளியேறியிருப்பது, எல்லாமே எண்ணை ஏற்றும். மறுபரிசோதனை செய்தார்களா? ஃப்ரீ பிஎஸ்ஏ, அதாவது மொத்த பிஎஸ்ஏவில் வேறு புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் பங்கு, பார்த்தார்களா?

மூத்தமகன்:
இரண்டாம் முறையும் 3.5. ஃப்ரீ 14 சதவீதம். தொற்று இல்லை.

ஆய்வகப் பணியாளர்:
விகிதத்தை அந்த மாத்திரை பெரிதாக மாற்றுவதில்லை. 25 சதவீதத்துக்கு மேல் என்றால் ஆறுதல், 10-க்குக் கீழ் என்றால் கவலை; 14 இரண்டுக்கும் நடுவில். ரத்தம் இதற்கு மேல் பதில் சொல்லாது. ஊசி குத்தித் திசு எடுக்க வேண்டுமா, எங்கே எடுக்க வேண்டும் என்பதை எம்ஆர்ஐ காட்டும். ஒன்றும் தென்படாவிட்டால் பயாப்சியே தேவைப்படாமல் போகலாம். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

வாசகர்:
தலைமுடி உதிர்வுக்கு ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் சாப்பிடுகிறவர்களும் கவனியுங்கள். அதுவும் பிஎஸ்ஏவைக் குறைத்துக் காட்டும். முடிக்கான மருந்துதானே என்று பலர் மருத்துவரிடம் சொல்வதே இல்லை.

மூத்தமகன்:
ஊசி இல்லாமலும் முடியலாம் என்றதும் அப்பா சம்மதித்துவிட்டார். நாளை ஸ்கேனுக்கு நேரம் கேட்கிறேன். மிக்க நன்றி ஐயா.