பைப் பிடித்தால் நாக்கு நுனி எரிகிறது, என்ன செய்யலாம்?

ஆலைக்காரன் (சுங்கை சிப்புட்):
வணக்கம். சிகரெட்டை விட்டுவிட்டு, புகையிலை நிரப்பிப் பிடிக்கும் பைப்புக்கு மாறியிருக்கிறேன். ஈப்போவில் செர்ரி வாசனைப் புகையிலை வாங்கினேன். வாசம் அருமைதான், ஆனால் பாதி முடிவதற்குள் நாக்கு நுனி வெந்ததுபோல் எரிகிறது. மறுநாள் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) கூடக் குடிக்க முடியவில்லை, காரமான சம்பால் பக்கம் போகவே பயம். புகையிலை கையில் பிசுபிசுவென ஒட்டுகிறது. அடிக்கடி அணைவதால் விடாமல் இழுக்கிறேன், அப்போது அடியில் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் கேட்கிறது. செம்பனை ஆலையில் வேலை முடிந்து, வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் பிடிப்பேன். பைப் மட்டமா, புகையிலை மட்டமா?

பழைய கிராணி:
தம்பி, பைப்பைத் திட்டாதீர்கள். ஈரப் புகையிலை எரியும்போது அந்த ஈரம் ஆவியாகி நாக்கைச் சுடுகிறது. குழாயில் ஆறுகிற ஆவி தண்ணீராகி அடியில் தேங்குவதால்தான் அந்தச் சத்தம். ஈரம் இருந்தால் நெருப்பு அணையும், அணையப் பார்த்தால் வேகமாக இழுப்பீர்கள், இழுத்தால் சூடு ஏறும். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வரவேண்டும்.

முதலில் காய வையுங்கள். வெளிநாட்டுக்காரர்கள் ராத்திரி முழுக்க மூடாமல் வைக்கச் சொல்வார்கள். மழைக்காலத்தில் நம் ஊரில் அப்படி வைத்தால் காற்றிலிருக்கும் ஈரத்தையும் சேர்த்துக் குடித்துக்கொள்ளும். ஏர்கான் அறையில் தாளில் பரப்பி அரை மணி நேரம் விடுங்கள். ஏர்கான் இல்லையென்றால் நல்ல வெயில் நாளில், மதியம், காற்றாடிக்குக் கீழே. ஒரு சிட்டிகை எடுத்து அழுத்திப் பாருங்கள்: உருண்டையாகவே நின்றால் ஈரம், மெல்லப் பிரிந்தால் போதும். வாசனைப் புகையிலை காயாமலிருக்க புரொப்பிலீன் கிளைக்கால் சேர்ப்பார்கள், அதனால் கொஞ்சம் பிசுக்கு கடைசிவரை போகாது. அதற்காகக் காத்திருந்து நொறுங்கவிட்டால் அதுவும் கெடுதல்தான், காய்ந்த சருகு சரசரவென்று எரிந்து இன்னும் சூடேற்றும்.

நிரப்பும்போது அடியில் லேசாக, மேலே போகப் போகக் கொஞ்சம் அழுத்தம். பற்றவைக்கும் முன் சும்மா இழுத்துப் பாருங்கள். காற்று தாராளமாக வரவேண்டும், இழுக்கச் சிரமமாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள். முதல் தீயில் மேல்பகுதி பொங்கி எழும்பும், அதை மெதுவாக அமுக்கிவிட்டு இரண்டாம் முறை பற்றவையுங்கள். அப்புறம் சிகரெட் பழக்கத்தை மறந்து, சின்னச் சின்னதாக இழுங்கள். பைப்பில் புகையிலை நிரப்பும் கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், வைக்க முடியாத சூடு என்றால் கீழே வைத்துவிடுங்கள். அணைந்தால் அணையட்டும், தீக்குச்சி எதற்கு இருக்கிறது?

தைப்பிங் மழை:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எல்லா எரிச்சலும் சூட்டால் வருவதில்லை. வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிப்போனால் வாய் வெந்துபோகிறதே, அங்கே நெருப்பா இருக்கிறது? புகையிலும் காரத்தன்மை, அமிலத்தன்மை என்று வகைக்கு வகை மாறும். சூடான காற்றில் பதப்படுத்தும் வெர்ஜீனியா இலையில் சர்க்கரை அதிகம், புகை அமிலப் பக்கம் சாயும். நிழலில் காற்றாட உலர்த்தும் பர்லி வகைப் புகையிலையில் சர்க்கரை மிகக் குறைவு, புகை காரப் பக்கம். ஒருவருக்கு வெர்ஜீனியா நாக்கைக் கடிக்கும், இன்னொருவருக்கு பர்லி. அதனால் காயவைத்து, மெதுவாக இழுத்தும் எரிந்தால் கலவையை மாற்றிப் பாருங்கள். வாசனை சேர்க்காததில் தொடங்குவது நல்லது.

புகை ஒரே இடத்தில் நேராக அடிக்காதபடி பைப்பின் வாய்ப்பகுதியை அவ்வப்போது இடம் மாற்றிக் கடியுங்கள். வாசலில் காற்றடித்தால் கங்கு அதிகமாகக் கனலும், காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள்.

ஆலைக்காரன்:
நன்றி ஐயா, நன்றி அண்ணே. வீட்டில் அப்பா ரோக்கோ டாவுன் (இலையில் சுற்றும் சுருட்டு) சுற்ற வைத்திருக்கும் தெம்பாக்காவ் ஜாவா (ஜாவா புகையிலை) நன்றாகக் காய்ந்திருக்கிறது. அதைக் கலக்கலாமா?

பழைய கிராணி:
வேண்டவே வேண்டாம். முடிபோல் நறுக்கிய தூள் அது, கிண்ணத்தில் போட்டால் மளமளவென்று எரியும். உங்கள் நாக்குக்கு அதுதான் குறை.

பல் கிளினிக் அக்கா:
தம்பி, முதலில் நாக்கு ஆறட்டும், அதுவரை பைப்பைத் தொடாதீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள், காய்ந்த வாயில் எரிச்சல் கூடும். புண்ணோ, வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் அது நாக்குச் சூடு என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம், அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டுங்கள். புகையை உள்ளே இழுக்காததால் பைப்பில் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நிக்கோட்டின் வாய்த்தோல் வழியாகவே ஏறும், வாய்ப் புற்றுநோயும் வரும். சிகரெட்டை விட்டவர் நீங்கள், இதையும் விட நினைத்தால் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) புகைப்பழக்கத்தை விட உதவும் எம்குவிட் சேவை பற்றிக் கேளுங்கள்.

ஆலைக்காரன்:
நாக்கு ஆறியபின், ஆபீஸ் ஏர்கானில் காயவைத்துப் பிடித்தேன். கிளார்க் அக்காவிடம் திட்டு வாங்கியது தனிக்கதை. நுனி எரிச்சல் நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் கடைசிக் கால்வாசியில் மறுபடி கடிக்கிறது, கசப்பும் வருகிறது.

பழைய கிராணி:
மேலே எரிந்ததன் ஈரமெல்லாம் இறங்கித் தேங்குவது அங்கேதான். பாதியில் பைப் கிளீனரை (பைப் துடைக்கும் பஞ்சுக் கம்பி) உள்ளே விட்டு ஈரத்தை எடுங்கள், பைப்பைக் கழற்ற வேண்டாம், சூட்டில் கழற்றினால் மூட்டு உடையும். அதற்கும் கசந்தால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். அப்புறம் அதே பைப்பை உடனே நிரப்பாதீர்கள், ஒரு நாளாவது காய விடுங்கள்.

தைப்பிங் மழை:
கொட்டும்போது செருப்பில் தட்டாதீர்கள் தம்பி, காம்பு முறிந்துவிடும். தக்கையில் தட்டுங்கள்.