நம்ம குடும்பம் குரூப்: 452 எண் விவகாரம்

சித்தப்பா: ⚠️ அதிர்ச்சி!! பாக்கெட்டில் 450, 451, 452 எண் இருந்தால் விஷம். ஐரோப்பாவில் முழுத் தடை. எல்லா குரூப்புக்கும் அனுப்பவும் 🙏

கவிதா: சித்தப்பா, அங்க தடையெல்லாம் இல்ல. அதெல்லாம் பாக்கெட் சாப்பாட்டுல சேர்க்கற பாஸ்பேட் உப்பு, அதாவது பாஸ்பரஸ் உள்ள உப்பு. அனுமதி குடுத்து வச்ச நம்பர்தான் அது.

சித்தப்பா: அப்ப இஷ்டத்துக்கு சாப்பிடலாமா?

கவிதா: அப்படி எங்க சொன்னேன்? 2019ல ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் மறுபடி ஆராய்ஞ்சு வரம்பு வச்சுது. உடம்பு எடை ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 40 மி.கி. பாஸ்பரஸ். 70 கிலோ ஆளுக்கு 2.8 கிராம். சாப்பாட்டுல இயல்பா இருக்கறதும் அதுலயே அடக்கம். சின்னப் பசங்க இதைத் தாண்ட வாய்ப்பிருக்குன்னும் எழுதியிருக்காங்க.

மகா அண்ணி: கோலாவுல இருக்கா? இவன் தண்ணி மாதிரி குடிக்கறான் 😩

கவிதா: பாஸ்பாரிக் அமிலம், 338. அந்த சுள்ளுனு இருக்கற புளிப்பு அதுதான் அண்ணி.

அத்தை: மாமாவுக்கு ரத்த டெஸ்ட்ல பாஸ்பரஸ் 5.9 வந்திருக்கு கவி. 4.5க்குள்ளதான் இருக்கணுமாம். அந்த 40 கணக்கு அவருக்கும் உண்டா?

கவிதா: கிடையாது அத்தை. கிட்னி வேலை ஓரளவுக்கு மேல குறைஞ்சவங்களுக்கு அந்த வரம்பு பொருந்தாதுன்னு அதே அறிக்கையில இருக்கு. நமக்குன்னா மிச்சம் சிறுநீர்ல போயிடும். மாமாவுக்கு ரத்தத்துலயே தங்கும். எலும்பையும் ரத்தக்குழாயையும் பாதிக்கும்.

அத்தை: அதான் ஆறு மாசமா பருப்பையே கண்ணுல காட்டல.

கவிதா: அய்யோ! பருப்புல இருக்கற பாஸ்பரஸ் பாதிகூட உடம்புல சேராது, அத்தை. பாக்கெட்ல சேர்க்கற உப்பு கரைஞ்ச நிலையில போறதால கிட்டத்தட்ட முழுசா ஏறிடும். பருப்புல பொட்டாசியமும் இருக்கு, அதனால எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. ஃபிரிட்ஜ்ல என்ன பாக்கெட் இருக்கு?

மாமா: ஆறு மாசம்!!

அத்தை: 📷 சீஸ் ஸ்லைஸ். பூதக்கண்ணாடி வச்சும் தெரியல.

கவிதா: மடிச்சு ஒட்டின இடத்துல பாருங்க, ‘எமல்சிஃபையர் 339, 452’. சீஸ் கட்டியாகாம வழவழன்னு உருகறதுக்கு. எவ்வளவு மி.கி.ன்னு போட மாட்டாங்க, போடணும்னு சட்டமும் இல்ல. எனக்குக் கோபமே அதுலதான். சர்க்கரைய கிராம் கணக்குல போடறாங்க, இதுக்கு வெறும் நம்பர்.

அத்தை: 📷 உறைய வச்ச இறால். 451ன்னு இருக்கு.

கவிதா: தண்ணிய இழுத்துப் பிடிச்சுக்கறதுக்கு. எடையும் கூடும்.

அண்ணன்: அப்ப இறால் விலையில தண்ணி வாங்கறோம் 😂

மாமா: இறாலும் போச்சா

கவிதா: மாமா, பாஸ்பரஸ் மாத்திரை எப்ப போடறீங்க?

மாமா: தூங்கப் போறப்ப.

கவிதா: போச்சு. அது சாப்பாட்டுல இருக்கற பாஸ்பேட்டைக் குடல்லயே பிடிச்சு வெளியேத்தற மாத்திரை. சாப்பிடறப்பவே போடணும். சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு போட்டோ அனுப்புங்க.

அத்தை: ‘உணவுடன்’னு இருக்கு. இவர்தான் எல்லாத்தையும் சேர்த்துப் போட்டா மறக்காதுன்னாரு. ஃபிரிட்ஜ் கதவுல எழுதி ஒட்டறேன், நம்பரைச் சொல்லு.

கவிதா: 338 முதல் 341 வரைக்கும், 343, 450, 451, 452. ‘பாஸ்’னு எழுத்துல இருந்தாலும் அதேதான்.

சித்தப்பா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கவிதா: வாக்கிங் குரூப்லயும் எடுத்தாச்சா சித்தப்பா?

சித்தப்பா: எடுத்துட்டேன். அதுக்குள்ள மூணு பேர் பார்வர்டு பண்ணிட்டாங்கம்மா.