1000 வோல்ட்டுக்கு ஒற்றை 10 மெகாஓம் ரெசிஸ்டர் போதுமா?

பழைய சாலிடர்:
"ஆர்டுயினோ ஊனோ ஒன்று, கால் வாட் 10 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்று, அதன் கீழே 47 கிலோஓம் ஒன்று, இவ்வளவு இருந்தால் 1000 வோல்ட் வரை துல்லியமாகக் கட்டுப்படுத்தலாம்" என்று ஊனோ நண்பன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. ஊனோ என்பது ஒரு சிறிய மைக்ரோகண்ட்ரோலர் போர்டு; அந்த இரண்டு ரெசிஸ்டர்களும் உயர் மின்னழுத்தத்தை அது அளக்கக்கூடிய சிறிய அளவுக்குக் குறைத்துக் கொடுப்பவை. அதற்கு நான்கு மாணவர்கள் நன்றி சொல்லியிருப்பதால்தான் இந்தத் திரியைத் தனியாகத் தொடங்குகிறேன். சாதாரணக் கால் வாட் கார்பன் ஃபிலிம் ரெசிஸ்டரின் டேட்டாஷீட்டைத் திறந்தால் தாங்கும் மின்னழுத்தம் 250 வோல்ட் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அதன் தலையில் 1000 வோல்ட்டை ஏற்றிவிட்டு, அது சொல்லும் கணக்கை நம்பி மைக்ரோகண்ட்ரோலர் முடிவெடுக்கட்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது பெரிய தவறு. ஒரு மெகாஓம் வீதம் பத்து ரெசிஸ்டர்களை வரிசையாக இணைத்தால் ஒவ்வொன்றும் 100 வோல்ட்டை மட்டுமே சுமக்கும். சில ரூபாய்ச் செலவு, அவ்வளவுதான்.

ஊனோ நண்பன்:
ஐயா, 1000-ஐ வர்க்கமாக்கி 10 மெகாஓமால் வகுத்தால் 0.1 வாட் வருகிறது. கால் வாட் ரெசிஸ்டருக்கு அது பாதிச் சுமைகூட இல்லை. இது பள்ளிக்கூடத்துக் கணக்கு. என் மேசையில் இதே சுற்று எஸ்பிஎம்-20 என்ற கைகர் குழாய்க்கு (கதிர்வீச்சை உணரும் குழாய்) 400 வோல்ட் கொடுத்தபடி எட்டு மாதமாக ஓடுகிறது. ரெசிஸ்டரைத் தொட்டுப் பார்த்தால் சூடுகூட இல்லை.

பழைய சாலிடர்:
வாட் கணக்கை நான் கேட்கவே இல்லை. சூடாகவில்லை என்பதும் எனக்குப் பதில் ஆகாது. வாட் என்பது வெப்பத்துக்கான வரம்பு, வோல்ட் என்பது அந்தக் கரிப்படலத்தில் சுற்றி வெட்டிய இடைவெளி தாங்குவதற்கான வரம்பு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்க முடியாது. தம்பி எழுதியது 1000 வோல்ட், ஓட்டுவது 400 வோல்ட். அந்த 400-ம் 250-க்கு மேல்தான்.

ஆய்வகத்தான்:
இருவரும் "துல்லியம்" என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் தெளிவுபடுத்தினால் நல்லது. ஊனோ வெளியீட்டைக் கூட்டிக் குறைக்கப் பயன்படுத்தும் பிடபிள்யூஎம் (துடிப்பின் அகலத்தை மாற்றும் முறை) 8 பிட், அதாவது 256 படிகள். எனவே 1000 வோல்ட்டில் ஒரு படி ஏறக்குறைய 3.9 வோல்ட். கைகர் குழாய்க்கு அது ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் மின்னழுத்தம் மாறினாலும் எண்ணிக்கை பெரிதாக மாறாத அதன் சமதளப் பகுதியே 100 வோல்ட் அகலம் கொண்டது. ஆனால் நான் ஓட்டும், மங்கிய ஒளியைப் பெருக்கி அளக்கும் ஃபோட்டோமல்டிபிளையர் குழாயில் மின்னழுத்தம் ஒரு சதவீதம் மாறினால் பெருக்கம் ஏறக்குறைய ஏழு சதவீதம் மாறிவிடும். இன்னொரு கேள்வியும் உண்டு. ஏடிசி, அதாவது மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஊனோவின் பகுதி, எதை ஒப்பிட்டு அளக்கிறது? யூஎஸ்பி தரும் 5 வோல்ட் 4.75 ஆகவும் இருக்கலாம், 5.25 ஆகவும் இருக்கலாம். அதையே ரெஃபரன்ஸாக வைத்தால் வெளியீடும் அதே ஐந்து சதவீதம் நகர்ந்துபோகும்.

ஊனோ நண்பன்:
பெருக்கம் பற்றிப் பிறகு பேசலாம். டேட்டாஷீட் 250 என்று சொல்லும் ரெசிஸ்டர் 400 வோல்ட்டில் எட்டு மாதம் எப்படி உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டும் சாலிடர் ஐயா பதில் சொல்லட்டும். என்னைத் "தம்பி" என்று அழைக்கவும் வேண்டாம். எனக்கு நாற்பத்தோரு வயதாகிறது.

பழைய சாலிடர்:
உயிரோடு இருப்பது வேறு, உண்மையைச் சொல்வது வேறு. முப்பது ஆண்டுகள் டிவி போர்டுகளைப் பழுதுபார்த்தவன் சொல்கிறேன். டிவிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பகுதியில் 300 வோல்ட்டுக்கு மேலான லைனிலிருந்து ஐசிக்குப் போகும் ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டர் இருக்கிறதே, "டிவி ஆன் ஆகவே இல்லை" என்று வந்த செட்டுகளில் நான் முதலில் கழற்றியது பெரும்பாலும் அதைத்தான். உடலில் கருகல் இருக்காது, வெடிப்பு இருக்காது, வண்ண வளையங்கள் புதிதுபோல் பளபளக்கும். மீட்டரில் வைத்தால் 470 கிலோஓம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று மெகாஓம் காட்டும், அல்லது ஒன்றுமே காட்டாது. விவரம் தெரிந்து செய்த போர்டுகளில் அந்த இடத்தில் இரண்டு ரெசிஸ்டர்கள் வரிசையாக இருக்கும். அது அழகுக்காக வைத்தது அல்ல.

ஊனோ நண்பன்:
ரெசிஸ்டர் அறுந்துபோனால் ஏடிசி சுழியம் காட்டும். நான் எழுதிய நிரலில், அளவு 20-க்குக் கீழே 50 மில்லிசெகண்டு நீடித்தால் பிடபிள்யூஎம் நின்றுவிடும். நிரல் தொங்கினால் மறுபடி தொடங்கிவைக்கும் வாட்ச்டாக் டைமரும் இயங்குகிறது. டிவி மெக்கானிக் காலத்தில் நிரல் என்ற ஒன்று இல்லை என்பதால் ஐயாவுக்கு இது தோன்றவில்லை.

பழைய சாலிடர்:
அறுந்தால் நிற்கும், சரி. ஏறினால்? 10 மெகாஓம் மெல்ல 13 மெகாஓம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏடிசிக்கு வரும் அளவு குறைகிறது. உங்கள் நிரல் "மின்னழுத்தம் போதவில்லை" என்று நினைத்துக்கொண்டு பிடபிள்யூஎம்மைக் கூட்டுகிறது. திரையில் 1000 என்று நிற்கும்போது கம்பியில் ஏறக்குறைய 1300 வோல்ட் இருக்கும். உங்கள் 50 மில்லிசெகண்டுப் பாதுகாப்பு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். நிரல் எழுதத் தெரிந்தவருக்கு இது தோன்றாமல் போனதுதான் எனக்கு வியப்பு.

ஊனோ நண்பன்:
அதற்குத்தான் வாரம் ஒருமுறை மல்டிமீட்டரில் சரிபார்க்கிறேன். இதுவரை ஒரு வோல்ட்கூட நகரவில்லை.

பழைய சாலிடர்:
எந்த மீட்டர்? போன திரியில் படம் போட்டிருந்தீர்களே, அந்த மஞ்சள் நிற மலிவு மீட்டரா? அதன் உள்தடை ஒரு மெகாஓம்தான். 400 வோல்ட்டில் அதுவே 0.4 மில்லிஆம்பியர் இழுக்கும். கைகர் குழாய்க்குச் செய்த சிறிய சுற்று அந்தச் சுமையில் படுத்துவிடும். அதைத் திறந்து பார்த்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். மேல்பக்கத்து 900 கிலோஓமை 548, 352 என்று இரண்டு ரெசிஸ்டர்களாகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். மலிவு மீட்டர் செய்பவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை.

ஊனோ நண்பன்:
நீங்களே எடுத்துக்கொடுத்ததற்கு நன்றி. 1000 வோல்ட் அளவில் அந்த 548 கிலோஓம் ரெசிஸ்டர் மட்டும் 548 வோல்ட்டைச் சுமக்கிறது. உங்கள் 250 வோல்ட் விதி உண்மையென்றால் உலகத்தில் உள்ள மஞ்சள் மீட்டர்கள் எல்லாம் என்றைக்கோ செத்திருக்க வேண்டும். ஸ்டெபிலைசர் ரிலே திரியிலும் நீங்கள் இப்படித்தான் பேசினீர்கள். கடைசிவரை தவறை ஒப்புக்கொள்ளவில்லை.

பழைய சாலிடர்:
ஸ்டெபிலைசர் திரியில் நான் சொன்னதுதான் சரி, அதை இங்கே இழுக்க வேண்டாம். மீட்டரில் 1000 வோல்ட்டை எத்தனை விநாடி வைத்திருப்பீர்கள்? உங்கள் சுற்றில் அது இரவும் பகலும் நிற்கிறது. 250 என்றால் 250தான்.

யாழ் மின்னியல்:
நடுவில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு நல்ல தமிழில் எழுதுபவர்கள் ஏன் "ரெசிஸ்டர்" என்றே எழுதுகிறீர்கள்? எங்கள் பாடநூல்களில் "தடையி" என்று படித்தோம். குறுகிய சொல், குழப்பம் இல்லை.

கோவை மின்னன்:
இங்கே "மின்தடை" என்று எழுதினால் நாளை எந்தெந்தப் பகுதிக்குக் கரண்ட் இருக்காது என்றுதான் படிப்பவர் தேடுவார். கடையில் போய்த் "தடையி" கேட்டால் யாரும் எடுத்துத் தர மாட்டார்கள். ரெசிஸ்டர் என்பதே இருக்கட்டும்.

யாழ் மின்னியல்:
கடைக்காரருக்குத் தெரியவில்லை என்பதற்காகப் பாடநூல் சொல்லைக் கைவிட வேண்டும் என்றால் எதையுமே தமிழில் எழுத முடியாது.

பழைய சாலிடர்:
தடையி என்று எழுதுங்கள், ரெசிஸ்டர் என்று எழுதுங்கள், 1000 வோல்ட்டுக்கு ஒன்றை மட்டும் போடாதீர்கள். அது வெறும் அளவுகோல் மட்டும் அல்ல என்பதையும் ஊனோ நண்பன் எங்கும் எழுதவில்லை. மின்சாரத்தை நிறுத்திய பிறகு வெளியீட்டுக் கண்டன்சரைக் காலி செய்வதும் அந்த ஒரே ரெசிஸ்டர்தான். 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர் 10 மெகாஓம் வழியாக ஐந்தாறு விநாடிகளில் இறங்கிவிடும். ரெசிஸ்டர் அறுந்திருந்தால் உங்கள் நிரல் பிடபிள்யூஎம்மை நிறுத்தும், திரையில் சுழியம் காட்டும், ஆனால் கண்டன்சரில் மின்னேற்றம் அப்படியே நிற்கும். திரையை நம்பி மாணவன் விரலை வைப்பான். எனக்கு அப்படி ஒருமுறை முழங்கைவரை மரத்துப்போனது. கையை உதறியபோது பின்னால் இருந்த பிக்சர் டியூப் கழுத்து உடைந்தது. அந்த நான்கு மாணவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறேன்.

ஆய்வகத்தான்:
ஒப்பீட்டை ஆப்-ஆம்ப் என்ற அனலாக் சிப்பிடம் விட்டுவிட்டு, மைக்ரோகண்ட்ரோலர் வெறும் இலக்கை மட்டும் சொன்னால் நிரல் தொங்கினாலும் மின்னழுத்தம் தறிகெட்டு ஓடாது. ரெஃபரன்ஸ் பற்றி நான் கேட்டதற்கும் இன்னும் பதில் வரவில்லை.

ஊனோ நண்பன்:
ஆப்-ஆம்ப் வைத்தால் டிஜிட்டல் கட்டுப்பாடு என்று எதற்குப் பெயர்? எல்லாவற்றையும் ஒரு சிப்பிலேயே முடிப்பதுதான் என் நோக்கம். அடுத்த மாதம் முழுவதும் அதே ரெசிஸ்டரை 1000 வோல்ட்டில் ஓட்டி, நாள்தோறும் அளவைப் பதிவிடுகிறேன். அப்போது சாலிடர் ஐயா என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம்.

பழைய சாலிடர்:
எந்த மீட்டரில் அளப்பீர்கள், அந்த மஞ்சள் மீட்டரிலா? ஒரு மாதம் ஓடியது என்பதும் எனக்குச் சான்று அல்ல. ஆய்வகத்தான் கேட்ட ரெஃபரன்ஸ் கேள்வி நியாயமானது, ஆனால் மேலே இருக்கும் ரெசிஸ்டரே சரியில்லாதபோது கீழே எந்த ரெஃபரன்ஸை வைத்து என்ன பயன்? முதலில் அதைப் பத்தாகப் பிரிக்கட்டும்.

ஊனோ நண்பன்:
பிரிக்கப் போவதில்லை. 0.1 வாட்.